ஒரே பேரேட்டில் பற்றும் வரவும்

நகரத்தில் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு வெயிலுக்குக் குறைவில்லாத மொட்டை மாடி உண்டு. கூரையில் சூரிய மின்தகடு அமைக்க அரசு மானியம் தருகிறது. வங்கி கடன் தருகிறது. ஆயினும் அவர் அமைப்பதில்லை. காரணம் எளியது. தகட்டுக்குப் பணம் செலுத்த வேண்டியவர் அவர். குறைந்த மின்கட்டணத்தால் பயன்பெறப் போகிறவரோ குடியிருப்பவர். சரி, குடியிருப்பவரே அமைத்துக்கொள்ளலாமே என்றால், பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தை நம்பி, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடிய கருவியை அடுத்தவர் கூரையில் பொருத்த யார் முன்வருவார்?

இங்கே தொழில்நுட்பம் இருக்கிறது, பணமும் இருக்கிறது, இருவருக்கும் நல்லெண்ணமும் இருக்கக்கூடும். இருந்தும் தகடு கூரை ஏறவில்லை. பற்று ஒருவர் கணக்கிலும், வரவு மற்றொருவர் கணக்கிலும் விழுவதே தடை.

நிறுவனங்கள் ஏன் புதுமையை ஏற்கின்றன, ஏன் மறுக்கின்றன என்ற கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்படுகின்றன. தலைமையின் தொலைநோக்கு, ஊழியர் பயிற்சி, மூலதனம், தொழில்நுட்பத் தேர்ச்சி ஆகியவை அவற்றுள் சில. எல்லாமே உண்மைதான். ஆனால் சுற்றுச்சூழலைக் காக்கும் வளங்குன்றா வளர்ச்சியிலும், காகிதத்திலிருந்து மின்னணுவுக்கு மாறும் முயற்சியிலும் நம் நாடு கண்ட வெற்றி தோல்விகளை அடுக்கிப் பார்த்தால், அவற்றின் அடியில் ஒரு வணிகவியல் உண்மை தெரிகிறது. செலவையும் பயனையும் ஒரே பேரேட்டில் கொண்டுவந்த இடத்தில் புதுமை வேரூன்றியது. அவை இரு வேறு பேரேடுகளில் கிடந்த இடத்தில் அறிவிப்போடு நின்றது.

வாங்குபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் ஒருவர்

வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே உள்ள இந்தப் பிளவு ஒரே நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளும் உண்டு. ஓர் ஆலையில் 10 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டார் ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. கொள்முதல் பிரிவு விலைப்புள்ளிகளைக் கோருகிறது. குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்குகிறது. அந்தப் பிரிவின் திறமை கொள்முதல் விலையைக் கொண்டே அளக்கப்படுகிறது. மின்கட்டணமோ வேறொரு தலைப்பில், வேறொரு மேலாளரின் கணக்கில் வருகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த மோட்டாரின் திறன் ஏறத்தாழ 7.5 கிலோவாட். பன்னாட்டுத் தரவரிசையில் கடைசிப் படியான ஐ.இ.1 தரத்தில் அதன் செயல்திறன் சுமார் 86 விழுக்காடு. இரண்டு படி மேலான ஐ.இ.3 தரத்தில் சுமார் 90 விழுக்காடு. நாளொன்றுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் முழுச் சுமையில் ஓடினால், முதல் மோட்டார் ஏறத்தாழ 42,000 யூனிட் மின்சாரம் கொள்ளும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்துக்கொண்டால், அது ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டும். உயர்திறன் மோட்டார் இதில் ஏறத்தாழ 2,000 யூனிட், அதாவது ஆண்டுக்குச் சுமார் 16,000 ரூபாய், மிச்சப்படுத்தும். இந்தச் சேமிப்பு மோட்டார் உழைக்கும் ஆண்டுகள் முழுவதும் தொடரும். ஆயினும் வாங்கும் நாளில் சில ஆயிரம் ரூபாய் கூடுதல் விலை என்பதற்காக அது ஒதுக்கப்படுகிறது. ஏற்கெனவே உள்ள மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டி மீண்டும் ஓட்டுகிறோம். முறையாகக் கட்டாத காயில் ஒவ்வொரு முறையும் செயல்திறனைச் சிறிது தின்றுவிடுகிறது என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

இதில் அறியாமையைவிட அமைப்பின் குறையே பெரிது. கொள்முதல் மேலாளர் தம் வேலையைச் சரியாகவே செய்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல்தான் தவறானது. விலையோடு வாழ்நாள் மின்செலவையும் சேர்த்து விலைப்புள்ளிகளை மதிப்பிட வேண்டும் என்று ஒரு வரி விதி எழுதப்பட்டால், அதே மேலாளர் அடுத்த முறை உயர்திறன் மோட்டாரைத் தேடிப்பிடிப்பார்.

விளக்கு மலிந்த வரலாறு

இதே பிளவை நாடு தழுவிய அளவில் தீர்க்க முயன்ற இரு திட்டங்களை ஒப்பிடுவது பயனுள்ளது. 2009-ஆம் ஆண்டில் ‘பச்சத் லேம்ப் யோஜனா’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. குண்டு பல்பின் விலையான 15 ரூபாய்க்கே சி.எஃப்.எல். விளக்கை வீடுகளுக்குத் தருவது. உண்மை விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, மின்சேமிப்பால் கிடைக்கும் கார்பன் வரவுகளைப் பன்னாட்டுச் சந்தையில் விற்று ஈடுசெய்வது. இதுவே அதன் ஏற்பாடு. எண்ணம் நல்லது. ஆனால் மின்சாரம் மிச்சமானது ஒரு பேரேட்டில். முதலீட்டைத் திருப்பித் தர வேண்டிய வரவோ கடல் கடந்த சந்தையின் பேரேட்டில். அச்சந்தையில் கார்பன் வரவுகளின் விலை சரிந்தபோது திட்டமும் தளர்ந்தது.

2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்டு, ‘உஜாலா’ என்று பின்னர் பெயர்பெற்ற எல்.இ.டி. விளக்குத் திட்டம் வேறு வழியில் சென்றது. மத்திய மின்துறையின் கீழுள்ள நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து அமைத்த இ.இ.எஸ்.எல். என்ற கூட்டு நிறுவனம் இதனை நடத்தியது. அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து விளக்குக்கு மானியம் இல்லை. நாடெங்கும் உள்ள தேவையைத் திரட்டி மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியது. இவ்வளவு எண்ணிக்கை விற்கும் என்ற உறுதி கிடைத்ததால் உற்பத்தியாளர்கள் துணிந்து விலையைக் குறைத்தனர். 2014 தொடக்கத்தில் ஒரு விளக்குக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாயாக இறங்கியது.

விலை இறங்கியது கதையின் பாதிதான். மொத்தத் தொகையை ஒரே நாளில் கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு, முதலில் 10 ரூபாய் செலுத்தி, மீதியை மின்கட்டணத்தோடு மாதம் 10 ரூபாயாகச் செலுத்தும் வசதி பல இடங்களில் தரப்பட்டது. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் விளக்கைப் போட்டு, நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 93 யூனிட் மிச்சமாகும். எந்த மின்கட்டண அட்டையில் சேமிப்பு தெரிகிறதோ, அதே அட்டையில் தவணையும் கழிந்தது. பற்றும் வரவும் ஒரே தாளில், ஒரே மாதத்தில், ஒரே குடும்பத்தின் கண்ணெதிரே நிகழ்ந்தன. விளக்கு கெட்டால் மூன்று ஆண்டுகள் வரை இலவசமாக மாற்றித் தரப்படும் என்ற உறுதியும் இருந்தது. ஆகவே புதிய பொருளை நம்பி ஏமாறுவோமோ என்ற இழப்பச்சமும் வாங்குபவர் தலையில் விழவில்லை. இத்திட்டத்தின் வழியே வழங்கப்பட்ட விளக்குகள் 36 கோடிக்கும் மேல்.

இதே நிறுவனம் தெருவிளக்குகளையும் எல்.இ.டி.-க்கு மாற்றியது. உள்ளாட்சி அமைப்புகள் முன்பணம் போட வேண்டியதில்லை. மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து தவணை செலுத்தினால் போதும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாறின. ஆனால் பல இடங்களில் தவணை நிலுவையாயிற்று. மின்சாரம் மிச்சமாவது ஒன்று. மிச்சமான தொகையைத் தனியே எடுத்துவைப்பது வேறொன்று. சேமிப்பு பொதுக் கணக்கில் கரைந்துபோனால், தவணை நாளில் அது எங்கிருந்து வரும்? ஒரே பேரேட்டில் எழுதுவது என்பது கருத்தளவில் நின்றுவிடக் கூடாது. கணக்குத் தலைப்பளவில் நிகழ வேண்டும் என்பதற்கு இது சான்று.

நொய்யலின் கணக்கு

விளக்கில் பற்றையும் வரவையும் சேர்த்துவைக்க வணிக ஏற்பாடு போதுமானதாயிற்று. பற்றைச் சுமப்பவர் நிறுவனத்துக்கு முற்றிலும் வெளியே இருந்தால், சட்டத்தின் கை தேவைப்படுகிறது. இதற்குத் திருப்பூரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் அரிது.

பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். அந்த உப்பின் பெரும்பகுதி துணியில் தங்குவதில்லை, சாயநீரோடு வெளியேறுகிறது. பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, இந்த நீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, 1990-களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. ஆடை விற்ற வரவு திருப்பூரின் கணக்கில் ஏறியது. உவர்ந்த கிணறும் விளையாத நிலமும் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களின் கணக்கில் பற்றாக விழுந்தன.

பிரச்சினை தெரியாமல் இல்லை. தொழில்நுட்பமும் இல்லாமல் இல்லை. முதலில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை நிறத்தையும் கரிமக் கழிவையும் நீக்கின. நீரில் கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர், நிலத்துக்கு அதே உவர்நீர். ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிலையை எட்டுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலையிழந்தோர், கெடு தவறிய ஏற்றுமதி ஒப்பந்தங்கள், தவணை தவறிய கடன்கள் என அந்நாள்களின் துன்பம் பெரிது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் கற்க வேண்டியது. தனித்தனிச் சிறு பட்டறையால் தாங்க முடியாத முதலீட்டை, பட்டறைகள் பங்குதாரர்களாக இணைந்த பொதுச் சுத்திகரிப்பு நிறுவனங்கள் தாங்கின. தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது, வங்கிகளும் துணைநின்றன. சாயநீர் முதலில் நுண்ணுயிர்களால் தூய்மையாக்கப்படுகிறது; பின்னர் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. நல்ல நீர் மீண்டும் பட்டறைக்குச் செல்கிறது. எஞ்சும் அடர்ந்த உவர்நீரைக் கொதிகலங்களில் வற்றவைத்து உப்பைப் பிரிக்கின்றனர். இந்த வற்றவைக்கும் வேலைதான் எரிபொருளை விழுங்குவது. ஆகவே உவர்நீரின் ஒரு பகுதியையே தெளியவைத்து, சாயமிடுவதற்கு வேண்டிய உப்புக்கரைசலாகத் திருப்பிப் பயன்படுத்தும் முறை அங்கே உருவாகியது. கழிவு என்று ஆற்றில் விட்ட பொருள், விலை கொடுத்து வாங்கும் உப்புக்கு மாற்றாயிற்று.

அந்தப் புதுமை எப்போது பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உவர்நீரை ஆற்றில் விடுவது செலவில்லாததாக இருந்தவரை, அதை மீட்கும் வழியை எவரும் தேடவில்லை. உழவர் சுமந்த பற்று, சட்டத்தால் பட்டறையின் பேரேட்டுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் பொறியாளர்களின் மூளைக்கு வேலை வந்தது. இதில் தீராத ஒரு குறையும் உண்டு. விதியைக் காக்கும் பட்டறை, விதி தளர்ந்த இடத்திலிருந்து மலிவாகச் சாயமிட்டுத் தருபவரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒருவர் பேரேட்டில் மட்டும் பற்று எழுதி, அடுத்தவரை விட்டுவிட்டால், நேர்மையாளரே தண்டிக்கப்படுகிறார். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது புதுமைக்கான முன்நிபந்தனை.

பயணம் நின்ற காசோலை

மின்னணு மாற்றத்துக்கு வருவோம். வங்கி வாடிக்கையாளர் அனைவரும் அறிந்த காசோலையே இதற்குப் போதுமான சான்று. முன்பெல்லாம் நாம் செலுத்திய காசோலை, நம் வங்கியிலிருந்து தீர்வகத்துக்கும், அங்கிருந்து பணம் தர வேண்டிய வங்கியின் கிளைக்கும் காகிதமாகவே பயணம் செய்தது. வெளியூர்க் காசோலைக்கு வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காகிதத்தைப் படம்பிடித்து அனுப்பும் கருவிகள் உலகில் நெடுங்காலமாக இருந்தன. தடை கருவியில் இல்லை. காசோலையையே நேரில் காட்டிப் பணம் கோர வேண்டும் என்பது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வகுத்த நடைமுறை.

2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவைத் திறந்தது. காசோலையின் மின்னணுப் படிமத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. அதைவிட முக்கியமான ஒரு பிரிவையும் அது சேர்த்தது. பணம் தரும் வங்கி காகிதத்தைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அப்படியானால் போலிக் காசோலைக்கு யார் பொறுப்பு? படிமத்தின் பேரில் பணம் பெறும் வங்கியே, காசோலையின் மேலோட்டமான உண்மைத் தன்மையைக் கவனத்துடன் சரிபார்க்கும் கடமை உடையது என்று சட்டம் வரையறுத்தது. ஐயம் எழுந்தால் மூலக் காசோலையைக் கேட்டுப் பெறும் உரிமை பணம் தரும் வங்கிக்குத் தரப்பட்டது. பொறுப்பு யார் கணக்கில் என்று தெளிந்த பிறகே, வங்கிகள் ஒன்றையொன்று நம்பிப் படிமங்களைப் பரிமாறிக்கொள்ள முடிந்தது.

காசோலைப் படிமத் தீர்வு முறை புதுதில்லியில் 2008 பிப்ரவரி 1 அன்றும், சென்னையில் 2011 செப்டம்பர் 24 அன்றும், மும்பையில் 2013 ஏப்ரல் 27 அன்றும் நடைமுறைக்கு வந்தது. படிமத்தில் தெளிவாகத் தெரியும்படி காசோலைத் தாளின் தரமும் ஒரே சீராக்கப்பட்டது. இன்று உங்கள் காசோலையை ஒளியில் பிடித்துப் பார்த்தால் நீர்க்குறி தெரிவது அதனால்தான். 2021 ஜனவரி 1 முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை, வழங்கியவரே முன்கூட்டித் தம் வங்கிக்குத் தெரிவிக்கும் ‘பாசிட்டிவ் பே’ முறையும் வந்தது. பாதுகாப்பில் வாடிக்கையாளரும் ஒரு பங்கை ஏற்பதற்கு அது வழிசெய்தது.

வங்கிகளில் கணினி வந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1980-களில் இயந்திரமயம் என்ற சொல்லே ஊழியர்களிடையே வேலையிழப்பு அச்சத்தை எழுப்பியது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. விரைவான சேவையின் வரவு வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும். வேலை போகக்கூடும் என்ற பற்று ஊழியருக்கு. முனைவர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் கிளைகளில் இயந்திரங்களைப் புகுத்தும் வழியை வகுத்தது. 1983-இலும் 1987-இலும் இந்திய வங்கிகள் சங்கம் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தங்கள் செய்தது. எத்தனை இயந்திரங்கள் என்பதற்கு வரம்பும், அவற்றை இயக்குவோருக்குச் சிறப்புப் படியும் பேசி முடிவு செய்யப்பட்டன. வேகம் குறைவு என்று அன்று குறைகூறியோர் உண்டு. ஆயினும் பின்னாளில் கிளைகள் அனைத்தும் ஒரே வலைப்பின்னலில் இணைந்த மாபெரும் மாற்றத்தை, அதே ஊழியர்களே தோள்கொடுத்து நிறைவேற்றினார்கள். மாற்றத்தால் இழக்கப் போகிறவரைப் பேச்சுவார்த்தையின் மேசையில் அமரவைத்த நிறுவனம், காலத்தில் சிறிது இழந்து ஒத்துழைப்பில் பெரிது பெற்றது.

எழுதப்படாத பற்றுகள்

வெற்றி பெற்ற புதுமையிலும் எழுதப்படாத பற்று ஒளிந்திருக்கக்கூடும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. தெருவோரப் பூக்கடையிலும் குறியீட்டு அட்டை தொங்குகிறது. இது இவ்வளவு பரவியதற்குத் தலையாய காரணங்களில் ஒன்று, 2020 ஜனவரி 1 முதல் இதற்காக வணிகரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது. பற்று இல்லாத வரவு என்று வணிகர் மகிழ்வது இயல்பே. ஆனால் கணினி மையங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள், புகார் தீர்க்கும் பணியாளர்கள் ஆகியோருக்கான செலவு மறைந்துவிடவில்லை. வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் அதைச் சுமக்கின்றன. சிறு வணிகரிடம் நடக்கும் சிறுதொகைப் பரிவர்த்தனைகளுக்காக, 2024-25-ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை மத்திய அரசு ஏற்றது. ஒரு பகுதிச் சுமை அவ்வாறு வரி செலுத்துவோரின் பேரேட்டுக்கு வந்தது. இது சரியா, தவறா என்பது கொள்கை வகுப்போர் முடிவு. ‘இலவசம்’ என்ற சொல் கேட்கும்போதெல்லாம் யாருடைய பேரேடு என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் பழக்கமாக வேண்டும்.

மின்னணு மாற்றமும் வளங்குன்றா வளர்ச்சியும் எப்போதும் ஒரே திசையில் செல்வன என்பதும் முழு உண்மையன்று. காகிதம் மிச்சமாகிறது, கணினியும் கைப்பேசியும் மின்கழிவாகக் குவிகின்றன. இதிலும் பற்றை உரிய இடத்தில் எழுதும் முயற்சி நடக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பழைய கருவிகளைப் பாதுகாப்பாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதன் பின் 80 விழுக்காடு என இலக்கு உயர்கிறது. கழிவின் செலவு தம் கணக்கில் ஏறும்போது, எளிதாகப் பிரிக்கவும் பழுதுபார்க்கவும் கூடிய கருவியை வடிவமைப்பதில் உற்பத்தியாளருக்கும் ஆர்வம் பிறக்கும்.

கடன் விண்ணப்பத்துக்கு முன்பு

சிறு தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் புதிய இயந்திரத்துக்கோ, சூரிய மின்அமைப்புக்கோ, கணக்கு மென்பொருளுக்கோ கடன் பெற வங்கிக்கு வரும்போது, திட்ட அறிக்கையில் விலையும் உற்பத்தியும் விரிவாக இருக்கும். அதற்கு முன்பாகச் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது, இதற்குச் செலவு செய்பவர் யார், பயன்பெறுபவர் யார்? இருவரும் வேறானால், பயனில் ஒரு பகுதி செலவு செய்பவருக்குத் திரும்ப என்ன ஏற்பாடு? வாடகை வீட்டுக்கே வழி உண்டு. மின்கட்டணத்தில் குறையும் தொகையின் ஒரு பங்கை வாடகையோடு சேர்த்துக்கொள்ள இருவரும் எழுத்தில் ஒத்துக்கொண்டால், தகடு கூரை ஏறும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புகளுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு; பிணையில்லாக் கடனுக்கும் வழி உண்டு.

இரண்டாவது, தவணையும் சேமிப்பும் ஒரே காலத்தில் வருகின்றனவா? சேமிப்பு ஐந்து ஆண்டுகளில் வரும் என்றால், இரண்டு ஆண்டுத் தவணை தொழிலின் நடைமுறை மூலதனத்தை உறிஞ்சிவிடும். கடனின் காலத்தைச் சேமிப்பின் காலத்தோடு பொருத்தித் தருமாறு கிளை அலுவலரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். சேமிப்புத் தொகையைத் தனிக் கணக்கில் எடுத்துவைப்பது, தெருவிளக்கு நிலுவைகள் நமக்குத் தந்த பாடம்.

மூன்றாவது, இதனால் யாருடைய வேலை கூடுகிறது, யாருடைய திறமை மதிப்பிழக்கிறது? முப்பது ஆண்டுகளாகக் கைப்பேரேடு எழுதிய கணக்கர், புதிய மென்பொருளைத் தம் எதிரியாகக் காண்பதில் வியப்பில்லை. அதை இயக்கக் கற்றுக்கொள்பவர் அவராகவும், அதற்கான ஊதிய உயர்வு பெறுபவர் அவராகவும் இருந்தால், அந்த மென்பொருள் அவருடைய கருவியாகும். அவர் முப்பது ஆண்டுகளாக அறிந்த வாடிக்கையாளர் வழக்கங்கள் எந்த மென்பொருளிலும் கிடைக்காதவை.

நான்காவது, முயற்சி தோற்றால் இழப்பு யாருக்கு? எல்.இ.டி. விளக்கின் மூன்றாண்டு உறுதிமொழி போல, விற்பவரும் ஒரு பங்கு இழப்பச்சத்தை ஏற்கிறாரா என்று பாருங்கள். நிறுவனத்துக்குள்ளும் இக்கேள்வி உண்டு. வெற்றி பெற்றால் புகழ் மேலிடத்துக்கு, தோற்றால் விளக்கக் கடிதம் கீழ்நிலை ஊழியருக்கு என்ற வழக்கம் உள்ள இடத்தில், எந்த ஊழியரும் புதிய யோசனையை வாய்திறந்து சொல்ல மாட்டார்.

தொழில் நடத்தாத வாடிக்கையாளருக்கும் இந்தப் பேரேட்டில் இடம் உண்டு. 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வங்கிகள் ‘பசுமை வைப்பு’களைப் பெறலாம். அவ்வாறு திரட்டும் பணத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஆற்றல் சிக்கனம், தூய போக்குவரத்து, நீர் மற்றும் கழிவு மேலாண்மை முதலிய வரையறுத்த துறைகளுக்கே பயன்படுத்த வேண்டும். எங்கே பயன்பட்டது என்பதை வெளியார் ஒருவரைக் கொண்டு ஆண்டுதோறும் சரிபார்க்கவும் வேண்டும். மற்ற வைப்புகளைப் போலவே இவற்றுக்கும் 5 இலட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்ட வைப்புக் காப்பீடு உண்டு. நம் சேமிப்பு எந்த வேலைக்குப் போயிற்று என்று கேட்டறியும் உரிமை, வைப்புதாரருக்கு இதனால் ஓரளவு கிடைத்திருக்கிறது.

இரட்டைப் பதிவுக் கணக்குமுறையின் முதல் விதியை வணிகவியல் மாணவர் எவரும் அறிவார்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. அந்த வரவு எங்கே இருக்கிறது, அந்தப் பற்றை யார் சுமக்கிறார் என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆற்றில் விட்ட உப்பும், விலைப்புள்ளியில் தோன்றாத மின்கட்டணமும், ஊழியரின் வாய்திறவாத அச்சமும் ஏதோ ஒரு பேரேட்டில் பற்றாக ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றை வெளிக்கொணர்ந்து, பயன்பெறுபவர் கணக்கில் எழுதத் துணியும் நிறுவனத்தில், அடுத்த நாள் காலையிலேயே யாரேனும் ஒருவர் மாற்றுவழி ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்.